அளவு பிளவுஸ் வாங்காத தையல்கடை

அக்கா,

உங்கள் தங்கை மகள் நேற்று மாலை ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து தந்தாள். உங்கள் தகரப் பெட்டியின் அடியில் கிடந்ததாம். மேலே என் மாமியார் வீட்டின் பெயர் எழுதியிருந்ததால் எனக்குத்தான் சேர வேண்டும் என்று நினைத்தாளாம். பிரித்ததும் பாச்சா உருண்டை வாடை. அதற்குப் பின்னால் சுக்கு வாடை. உங்கள் கடைக்குக் கீழே இருந்த சுக்குக் கிடங்கை வெள்ளைக்காரர்கள் வந்து காப்பி குடிக்கிற இடமாக மாற்றி எத்தனையோ வருஷமாகிறது. துணியை விட்டு அந்த வாடை மட்டும் போகவில்லை. மேலாக இருந்தது சாயம் போன ஒரு பச்சை பிளவுஸ். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, கமலத்தின் அளவு பிளவுஸ். அதற்கு அடியில் செய்தித்தாளில் சுற்றி இன்னொன்று இருந்தது. அதைப் பிரிக்க நேற்று எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று ஏற்கெனவே வயிறெரிந்துபோய் இருந்தேன். காலையில்தான் தமிழ்ச் சமாஜத்தில் உங்களுக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். ஆமாம், அதே சமாஜம். மட்டாஞ்சேரித் தமிழர்களின் மானம் உங்கள் மாடிப்படியில் போகிறது என்று ஆள் அனுப்பித் திட்டினார்களே, அவர்களேதான். உங்கள் படத்துக்கு ரோஜா மாலை. இப்போதைய தலைவர் மைக்கைப் பிடித்து, "கிழிந்துபோன குடும்பங்களையெல்லாம் தைத்துக் கொடுத்த கைகள்" என்றார். உடனே கைதட்டல். இரங்கல் கூட்டத்தில் கைதட்டுகிறவர்களை நான் அங்கேதான் பார்த்தேன். நீங்கள் எந்தக் குடும்பத்தையும் தைத்துக் கொடுக்கவில்லை. தைக்க மாட்டேன் என்றீர்கள். அதற்காகத்தான் உங்களைப் படாத பாடு படுத்தினார்கள். இதைச் சொல்ல எழுந்தேன். "வயசானவங்க, நிக்க வேண்டாம், உக்காருங்க" என்று யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் கடைக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். அளவு பிளவுஸ் வாங்க மாட்டீர்கள். எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியின் மற்ற எந்தத் தையல்கடையிலும் பழைய பிளவுஸ் ஒன்றைப் புதுத் துணியோடு கொடுத்தனுப்பினால் போதும், வேலை முடிந்தது. வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்க வேண்டியதில்லை என்பது வீட்டுக்காரர்களுக்கும் வசதி. நீங்கள் மட்டும் "ஆளு வரணும்" என்பீர்கள். கிடங்கின் பக்கவாட்டுப் படியேறி, பழைய சேலையைக் கட்டிய திரைக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். நாகர்கோவில்காரிக்கு என்ன திமிர் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். நீங்கள் தைத்தால் துணி உடம்பில் அழகாக நிற்கும் என்பதற்காகத் திமிரைப் பொறுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் முதலில் வந்தேன். நாடா என் தோளில் இருந்தது, உங்கள் கண் எங்கெங்கோ போனது. "ஒனக்கு ஒண்ணுமில்ல. நல்லது" என்றீர்கள். என்ன ஒன்றுமில்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

ஆளைப் பார்க்காமல் தைக்க ஆரம்பித்தால் எல்லா வீட்டிலிருந்தும் நீளக் கையாகத்தான் கேட்டு வரும் என்று பிறகொரு நாள் சொன்னீர்கள். கொச்சி வெயிலில், அந்தப் பிசுபிசுப்பில், முழங்கையை மூடித் தைக்கச் சொல்கிறவள் ஆசைக்கா சொல்கிறாள்?

கமலம் என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. அந்த வீட்டுக்கு எனக்கு ஐந்து வருஷம் முன்னால் வந்தவள். அந்த அண்ணன் அவளை அடிப்பார். சாம்பாரில் உப்பு கூடினால் அடி, மிளகு விலை இறங்கினால் அடி, ஒன்றுமே நடக்காவிட்டாலும் அடி. மாமியார் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். என் கணவர் ஒரு நாளும் என் மேல் கை ஓங்கியதில்லை. நல்லவர் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். சத்தம் தொடங்கியதும் அந்த நல்லவர் எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். நான் பாட்டைக் கேட்டபடி காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

திருப்பூணித்துறையில் மாமியாரின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கமலத்தின் கைகள் அப்போது யாரும் பார்க்கிற நிலையில் இல்லை. மாமியார் ஒரு பட்டுத் துணியையும் இந்தப் பச்சை பிளவுஸையும் என்னிடம் கொடுத்தாள்.

"கை முட்டு வரைக்கும் வைக்கச் சொல்லு. ஆளு வரலியான்னு கேட்டா பனி பிடிச்சுக் கெடக்கான்னு சொல்லு. வேற ஒண்ணுக்கும் வாயத் தொறக்காதே."

நான் வந்தேன். நீங்கள் பிளவுஸைத் தொடவே இல்லை.

"ஆளு எங்க?"

"காய்ச்சல் அக்கா. எழுந்திருக்க முடியலை."

"காய்ச்சலா, அடியா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டீர்கள். கீழே பெண்கள் சுக்குப் புடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டைப் பற்றி அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் உங்கள் கண்ணைப் பார்த்தே, குரல் கொஞ்சமும் பிசகாமல், "காய்ச்சல்தான்" என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், நீங்கள் மாட்டேன் என்றால் மாமியார் என்னை உயிரோடு விடமாட்டாள் என்று கெஞ்சினேன். நீங்கள் துணியையும் பிளவுஸையும் எடுத்து வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வா" என்றீர்கள்.

வியாழக்கிழமை கமலம் செத்துப்போனாள்.

மச்சுப்படியில் கால் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். மழை ஈரம் என்றார்கள். ஒன்பது வருஷமாகத் தண்ணீர்க் குடத்தோடு அவள் ஏறி இறங்கிய படி அது. அப்போது ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. செய்திக்கு மேலே அவள் குரல் கேட்டது, பிறகு படியில் விழுகிற சத்தம், அதற்குப் பிறகு செய்தி மட்டும். ஸ்டேஷனிலிருந்து வந்தவர் சாயா குடித்துவிட்டு, தவறி விழுந்தது என்று எழுதிக்கொண்டு போனார். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்களிடம் ஓடி வந்தேன். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். என்னைக் காறித் துப்புவீர்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். நீங்கள் மிஷினை நிறுத்தினீர்கள்.

"நீ மட்டுமா? நானும் தச்சேன்லா. நீ சொன்ன மாதிரியே முட்டு வரைக்கும் கை வச்சுத் தச்சு முடிச்சு வச்சிருக்கேன். சட்டத்த மீறுனது நான். பாதிப் பழி எனக்கும் உண்டு, கேட்டியா."

அதைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. எழுந்து படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னீர்கள்: "பொய் சொல்ல நல்லாத் தெரியுது ஒனக்கு. இனி எங்கிட்டச் சொல்லாண்டாம். அவனுவகிட்டப் போயிச் சொல்லு."

வருஷம் திரும்புவதற்குள் கமலத்தின் கணவருக்குச் சமாஜமே பெண் பார்த்தது. மனுஷன் தனியாகக் கஷ்டப்படுகிறானாம். அன்றைய தலைவர், நேற்று பேசினாரே அவருடைய அப்பா, தானே முன்னின்று பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார். வள்ளி. இருபது வயதுகூட முடிந்திருக்காது. மூன்றாம் மாதம் மாமியார் என்னைக் கூப்பிட்டாள். கையில் ஒரு துணி, ஒரு அளவு பிளவுஸ். "கை முட்டு வரைக்கும்" என்று தொடங்கினாள். அக்கா, அப்போது வந்த கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஒருத்தி செத்த பிறகும் அந்த வீட்டில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"சரி அத்தை" என்றேன். கோபத்தில் ஒரு துளியும் வெளியே தெரியவில்லை. "அந்த நாகர்கோவில்காரி போன தடவையே ஆளில்லாம வாங்க மாட்டேன்னு சண்டைக்கு வந்தா. இவளையும் கூட்டிட்டுப் போயிட்டு அரை மணிக்கூர்ல வந்திடறேன்."

பட்டப்பகலில், பஜார் ரோடு வழியாக, மூட்டை ஏற்றிய கைவண்டிகளுக்கு நடுவே வள்ளியின் விரலைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன். திரைக்குப் பின்னால் அவள் முதுகைப் பார்த்துவிட்டு நீங்கள் நாடாவைக் கீழே வைத்தீர்கள். "இவ இனி எறங்க மாட்டா" என்றீர்கள். எறணாகுளத்திலிருந்து கல்லூரி ஆசிரியைகள் மனு எழுதிக்கொண்டு வந்தது, வக்கீல் அம்மா வந்தது, பெண்கள் அட்டை பிடித்து ஊர்வலம் போனது, சட்டம் மாறியது எல்லாம் பிறகு. நம் தெருவில் அது தொடங்கியது சுக்குக் கிடங்கின் மேலே, பழைய சேலைக்குப் பின்னால் விரித்த ஒரு கோரைப் பாயில்.

அன்று சாயங்காலமே அவள் கணவர் தேடி வந்தார். கீழே இருந்த பெண்கள் முறத்தைத் தட்டினார்கள். "சேச்சி, ஆளு வருந்நுண்டு!" என்று ஒருத்தி மேலே பார்த்துக் கத்தினாள். நான் போய்ப் படியின் உச்சியில் நின்றேன்.

"வள்ளி எங்க?"

"அப்பவே எறங்கிட்டாளே. வீட்டுக்கு வரலியா? ஐயோ, படியில பாத்து எறங்குன்னு சொல்லித்தானே அனுப்பினேன்."

படி என்று நான் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. அதற்கு மேல் ஒரு படிகூட ஏறவில்லை. அப்படியே திரும்பிப் போனார்.

மாமியார் என்னையும் என் கணவரையும் வெளியே அனுப்பினாள். தனிக்குடித்தனம் போனோம். ரேடியோவை மட்டும் கொண்டுவரக் கூடாது என்றேன். என் கணவர் கொண்டுவரவில்லை. நல்லவர்தானே. கடைசிவரை அவரோடுதான் இருந்தேன். அதை நீங்கள் ஒரு தடவைகூடக் குத்திக்காட்டியதில்லை. நானேதான் என்னைக் குத்திக்கொள்கிறேன்.

எண்பதுகள் முழுக்க என் வேலை உங்கள் படியின் உச்சியில் உட்கார்ந்து பொய் சொல்வதுதான். வெலிங்டன் தீவில் உத்தியோகம் பார்க்கிறவர் வருவார், மூட்டை தூக்குகிறவன் வருவான், பிராட்வேயில் கடை வைத்திருக்கிறவர் வருவார். எல்லோருக்கும் ஒரே பதில்: "இங்க யாரும் வரல. ஆம்பளைங்களுக்கு நாங்க தைக்கிறதுமில்ல." உள்ளே பாய்கள் ஒன்பது, பத்து என்று ஆகியிருக்கும். மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். சமாஜத்திலிருந்து நாலு பெரியவர்கள் உள்ளே இருந்த ஒருத்திக்காகச் சமரசம் பேச வந்தது நினைவிருக்கிறதா? கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி அவளை அனுப்பிவையுங்கள் என்றார்கள். நீங்கள் திரையை ஒரு முழம் விலக்கிப் பிடித்தீர்கள். "உள்ள வாங்க. அவ முதுகப் பாருங்க. பாத்துட்டு நீங்களே அவகிட்ட அனுசரிக்கச் சொல்லுங்க." நாலு பேரில் ஒருவருக்கும் கால் நகரவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் நேற்று உங்களுக்கு மாலை போட்டார்கள். வள்ளியும் வந்திருந்தாள். கைதட்டாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இன்று காலை அந்த இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தேன்.

பட்டு மடிப்பில் நைந்திருக்கிறது. முன்பக்கம், பின்பக்கம், கழுத்துப் பட்டி எல்லாம் தைத்திருக்கிறீர்கள். கொக்கிகூட வைத்திருக்கிறீர்கள். கொக்கி கடைசி வேலை என்று எனக்குச் சொன்னது நீங்கள். ஆனால் கை இல்லை. வெட்டிய இரண்டு கைத்துண்டுகளும் தனியே மடித்து உள்ளே இருந்தன. துருப்பிடித்த குண்டூசியில் ஒரு சீட்டு, உங்கள் கோணல் எழுத்தில்: "காய்ச்சல் இல்ல. வெள்ளிக்கிழமை இவ கூடவே வீட்டுக்குப் போணும். ஆளப் பாத்த பெறகு கை."

என்னை நீங்கள் நம்பவே இல்லை. வெள்ளிக்கிழமை என்னோடு படியிறங்கி எங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். ஒரே ஒரு நாள். அன்று நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமைவரை காத்திருந்திருக்க மாட்டீர்கள்.

முட்டு வரைக்கும் கை வைத்துத் தைத்து முடித்தேன் என்றீர்களே, அது பொய். சட்டத்தை நீங்கள் மீறவில்லை. பழியில் உங்களுக்குப் பாதியும் இல்லை, காலும் இல்லை. முழுசையும் என் தலையில் வைத்தால் நான் அந்தப் படி பக்கமே திரும்பி வர மாட்டேன் என்று தெரிந்து, எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். என்னிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன அதே வாயால். எனக்குக் கோபம் வருகிறது அக்கா. யார் கேட்டார்கள் உங்களிடம்? அந்தப் பாதியைக் கொடுத்துவிடுங்கள், அது என்னுடையது. இனி நான் வைத்துக்கொள்கிறேன். சமாஜத்தின் அடுத்த கூட்டத்துக்கு இந்தச் சீட்டோடு போவேன். மைக்கைக் கேட்க மாட்டேன், பிடுங்குவேன்.

சற்று முன் உங்கள் தங்கை மகள் மறுபடி வந்தாள். பிளவுஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கை மட்டும்தானே பாக்கி, நான் வச்சுத் தந்திடட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். ஆள் இன்னும் வரவில்லை.