ஜாடியில் தண்ணீரைக் குறைக்கச் சொல்லி மாமாவுக்கு

இன்னமும் கடைக்குள்தான் எங்கோ இருப்பதாக நான் நினைத்துக்கொள்ளும் என் மாமாவுக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் உங்கள் பாத்திரக் கடைக்குப் பின்னால்தான் வீடு. உங்கள் மனைவியின் தம்பி என்ற உரிமையில் தினமும் வந்து காப்பி குடித்துவிட்டுப் போவேன். நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. இப்போதும் தினமும் போகிறேன், மீனுக்குக் காற்று கொடுக்க.

மதராஸிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து நீங்கள் கொண்டுவந்த குண்டுக் கண்ணாடி ஜாடியில் நான்கு தங்க மீன்கள் இருந்தன. இப்போது ஒன்று. வால் கிழிந்த அந்தச் சிவப்பு. மூன்றாவது மீன் செத்து மிதந்த அன்று அக்கா ஜாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "இதுவும் போயிட்டா இந்த வூட்ல மூச்சு வுடறது நான் ஒருத்திதான்டா." அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியுமா?

நீங்கள் மாட்டிவைத்த காற்று மோட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். கரண்டு இருந்தால் நன்றாகவே குமிழி விடுகிறது. ஆனால் சுற்றுப்பக்கக் கிணறுகளுக்கெல்லாம் பம்புசெட் வந்துவிட்டது. மல்லாட்டைப் பயிருக்கு, அதான் நிலக்கடலைக்கு, தண்ணீர் பாயும் நேரத்தில் நம் வீட்டு பல்பு பழுத்த மிளகாய் நிறத்துக்கு வரும். மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும். நாட்டின் விளைச்சல் பெருக ஒரு மீன் சற்று மூச்சை அடக்கிக்கொள்ளக் கூடாதா என்று அரசாங்கம் கேட்டாலும் கேட்கும்.

போதாததற்குச் சித்திரை. பகலெல்லாம் கோட்டை மலைப் பாறை வாங்கிய சூட்டைச் சாயங்காலம் ஊருக்குத் திருப்பித் தருகிறது. தண்ணீர் சூடானால் அதில் காற்று தங்காது என்று மீன் வளர்ப்புப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. செஞ்சியில் அதை எப்படிக் குளிரவைப்பது என்று போடவில்லை. எழுதியவர் பனி பெய்யும் தேசத்துக்காரர்.

போன வாரம் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. எதிர்க்கடை மளிகைக்காரர் எட்டிப் பார்த்து அக்காவிடம் சொன்னார்.

"பசிக்குதும்மா அதுக்கு. கேக்குது பாரு."

"பசி இல்லீங்க, மூச்சு முட்டுது" என்றேன்.

"நீ இன்னா டாக்டரா?" என்று ஒரு பிடி பொரியைப் போட்டுவிட்டுப் போனார்.

பொரி ஊறி, அழுகி, இருந்த கொஞ்சக் காற்றையும் தின்றது. அதை அள்ளி எறிந்தேன். பிறகு ஜாடித் தண்ணீரையே சின்னச் சொம்பில் மொண்டு, டீ ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து ஜாடிக்குள் ஊற்றிக்கொண்டே நின்றேன். ஊற்றினால் மீன் கீழே இறங்குகிறது. என் கை இறங்கினால் அது மேலே ஏறுகிறது. உங்களுக்கு மூச்சு வாங்கியபோதும் நான் இப்படித்தான் நின்றேன். கையில் சொம்புகூட இல்லை.

ஆனால் உண்மையான கோளாறு பொரியோ கரண்டோ இல்லை, மாமா. நீங்கள் ஜாடியில் பாதிக்குத்தான் தண்ணீர் வைப்பீர்கள். "வயிறு அகலமா இருக்கற எடத்துல நிறுத்திடணும் மச்சான். தண்ணி முகம் பெருசா இருந்தாத்தான் காத்தக் குடிக்கும்" என்று என்னிடம் சொன்னீர்கள். அக்காவிடம் ஏன் சொல்லவில்லை? அவள் இப்போது கழுத்து வரை நிரப்புகிறாள். அந்த இடத்தில் தண்ணீரின் முகம் என் உள்ளங்கை அகலம். நான் பாதியை மொண்டு கொட்டினால், மறுநாள் போகும்போது மறுபடி தளும்பிக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படி நிரப்புகிறாய் என்று கடைசியில் அக்காவைக் கேட்டேவிட்டேன். அவள் சொன்னாள்:

"வெள்ளிக்கெழமன்னா கடையில ஒரு கொடத்த தளும்பத் தளும்ப ரொப்பி வெச்சிட்டுத்தான ஏவாரம் ஆரம்பிப்பாரு? பாத்திரக்காரன் வூட்ல பாத்திரம் கொறையா நிக்கலாமாடா? இத மட்டும் கொறையா வெச்சாரு. நானும் பாத்துக்கினு சும்மா இருந்தேன். இன்னா ஆச்சு, பாத்தியா?"

"அக்கா, மாமாவுக்கு இருந்தது ஆஸ்துமா."

"தெரியும்டா. எனக்குத் தெரியாதா?"

மீன் தண்ணீரைப் பற்றி நான் படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அவரு வந்து சொல்லட்டும், கொறைக்கிறேன்" என்றாள்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். வந்து சொல்லுங்கள். என் கனவில் வேண்டாம், நான் ஏற்கெனவே உங்கள் கட்சி. மத்தியானம் அவள் சற்றுக் கண்ணயர்கிறாள். அப்போது வந்தால் போதும். நீங்கள் வழக்கமாகப் பேசும் அளவுக்குப் பேச வேண்டாம். 'பாதி போதும்' என்று இரண்டே வார்த்தை. கனவில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் கேட்கிறேன் என்றால் இங்கே நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களால் வர முடியாமல் போகலாம். அதற்குள் அந்த மீனும் போய்விடலாம். அப்படி ஆனால் பழியை மின்சார இலாகாவின் மேல் போடுவேன், மளிகைக்காரரின் பொரி மேல் போடுவேன். தண்ணீர் நிறைந்திருந்ததுதான் காரணம் என்று என் வாயிலிருந்து ஒருநாளும் வராது. தண்ணீர் குறைந்திருந்ததால் நீங்கள் போனதாக நினைத்து அவள் படுகிற பாடே போதும். இது சத்தியம், மாமா.

உங்கள் மச்சான்,
அவளுடைய தம்பி