கோபம் அறியாதவரின் நெற்றி

என் அன்பான முன்கோபக்கார அப்பாவுக்கு,

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம். ஆட்டைத் திவசத்துக்கு யார் யாருக்குச் சொல்வதென்று அம்மா இப்போதே பட்டியல் போடத் தொடங்கிவிட்டார். நான் கன்வஸில் உங்கள் படம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். வீட்டில் சண்டையும் அதனால்தான்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அச்சடித்தோம். மிஞ்சிய பிரதிகள் பெட்டியோடு என் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. எறிய மனமில்லை, கொடுக்க ஆளில்லை. அதில் பெரியப்பா எழுதியிருக்கிறார்: 'கோபம் என்பதையே அறியாதவர்.' சிரித்தீர்களா அப்பா, அல்லது அதற்கும் கோபம் வந்ததா?

தொண்ணூற்றொன்றில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட் அபார்ட்மென்ரில் எங்கள் முதல் பனிக்காலம் நினைவிருக்கிறதா? ஹீற்றர் வேலை செய்யவில்லை. நீங்கள் யாக்கெற்றோடு கீழே போய், கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பரின்டென்டின் கதவடியில் நின்றீர்கள். "ஹீற் வராமல் நான் அசையமாட்டன்" என்று தமிழிலேயே சொன்னீர்கள். அன்று பின்னேரமே கட்டடம் முழுக்கச் சூடு வந்தது. மலரில் அந்தக் கதை இல்லை.

அதனால் மலர்களைக் கிழித்துக் கன்வஸில் ஒட்டினேன். தோளுக்கு அந்த யாக்கெற்றின் துணி. நடுவில் மலரின் அட்டைப்படத்திலிருந்த உங்கள் முகம், அதன்மேல் பெயின்ற். ஆனால் வழுவழுப்பான தாளில் நிறம் நிற்கவில்லை. காய்ந்ததும் தோலாக உரிந்தது. அடியிலிருந்து ஸ்ரூடியோக்காரன் பூசிமெழுகிய அதே சாந்தமான முகம் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தது. எத்தனை தரம் பூசினேன் என்று தெரியாது. என்னால் முடியாதென்று அழுதுவிட்டுக் கன்வஸைச் சுவர்ப்பக்கம் திருப்பியும் வைத்தேன்.

போன ஞாயிறு காலை பெரியப்பா மிசிசாகாவிலிருந்து போன் எடுத்தார்.

"பிள்ளை, படத்தில வடிவாய் ஒரு மாலையும் விளக்கும் கீறிவிடன். சனம் பாக்கிறதெல்லே."

போனை வைத்துவிட்டு வந்த வேகத்தில், கன்வஸைத் திருப்பி, படத்தின் முகத்திலிருந்த பெயின்றைப் பிடித்து இழுத்தேன். தாளும் சேர்ந்து கிழிந்தது. அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"விசரி! அப்பான்ர முகத்தையே கிழிக்கிறாய்?"

நெற்றி நடுவே, கிழிந்த தாள் இரண்டு கோடாக எழும்பி நின்றது. அதில் கறுப்பை விரலால் தேய்த்தேன். இந்த முறை நிறம் பிடித்துக்கொண்டது. அம்மா அகப்பையோடு கிட்ட வந்து பார்த்தார்.

"ஹீற்றருக்குச் சண்டைக்குப் போகேக்க உந்த முழிதான்." அகப்பையை அந்தக் கோடுகளுக்கு நேரே நீட்டினார். "திவசத்துக்கு வாற சனம் பயப்பிடுமடி."

"பயப்பிடட்டும் அம்மா."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்பில் கறி அடிப்பிடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

மாலை போட்ட உங்கள் போட்டோ சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இது முன்கதவுக்கு நேரே தொங்கும். பெரியப்பா கழற்றச் சொல்வார். கழற்றமாட்டேன். அன்று நீங்கள் சுப்பரின்டென்டின் கதவடியில் நின்றதுபோல, இதன் முன்னால் நான் நிற்பேன்.

உங்கள் கோபத்துக்கு ஒரே வாரிசு,
மகள் சுமதி