அக்கா வாங்கி வைத்த நாலெழுத்து

அக்கா,

இன்று காலை உன் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தையல் மெஷின் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். ஓடுகிறதா பார்க்கலாம் என்று ஸ்விட்சைப் போட்டதும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. உன் அறையின் வாசனை அது. பெண்ணாடத்திலிருந்து பஸ் பிடித்து, விருத்தாசலத்தில் நீ குடியிருந்த மாடி அறைக்கு எப்போது வந்தாலும் முதலில் அதுதான் மூக்கில் ஏறும். அதற்குப் பிறகுதான் நீ நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "வா, பஸ்ஸுல சீட்டு கெடச்சுதா?" என்பாய்.

பகலெல்லாம் கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாய். சாயங்காலம் இந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பெயர் தேடுவாய். இணையதளங்களுக்கு வைக்கிற பெயர்கள்தான். யாரும் எடுக்காமல் கிடக்கிற சின்னப் பெயராகப் பார்த்து பின்னால் விற்கலாம் என்று உன் பேரில் பதிந்துகொள்வாய். வருஷா வருஷம் புதுப்பிக்கப் பணம் கட்டுவாய். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீட்டில் எல்லோரும் புதுத்துணி எடுக்கும்போது நீ மட்டும் பழைய காட்டன் புடவையில் வந்து நிற்பாய்.

தம்பிக்கு அது பொறுக்காது. அவன் செராமிக் எஸ்டேட்டில் சூளை பார்த்துக்கொண்டிருந்தான். "கையில புடிச்சுப் பாக்க முடியாத பொருளுக்கு வருஷா வருஷம் வாடகை கட்டுறியே, உனக்கே நல்லா இருக்குதா?" என்று கேட்பான்.

"நீ களிமண்ணைச் சுட்டு விக்கிறே. நாளைக்கே இன்னும் நாலு லோடு மண்ணு வரும். எழுத்து வராது. இங்கிலீஷ்ல மொத்தமே இருவத்தாறுதான்" என்பாய் நீ.

எனக்கு அது முதலில் புரியவில்லை. ஒருநாள் விருத்தாசலம் பாலக்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் இருந்த கடைகளைக் காட்டிச் சொன்னாய். மூலைக் கடைக்கு இருக்கிற விலை உள்ளே நாலாவது தெருவில் இருக்கிற கடைக்கு இல்லை. சின்னப் பெயர் மூலைக் கடை மாதிரி. இரண்டெழுத்தும் மூன்றெழுத்தும் எப்போதோ தீர்ந்துவிட்டன. நாலெழுத்திலும் வாயில் சொல்ல வருகிற பெயருக்குத்தான் மதிப்பு. "பல்லுல சிக்குற பேரை எவன் வாங்குவான்?" என்று சிரித்தாய். அப்படிச் சிக்கிய பெயர்களையும் ஆரம்பத்தில் நிறைய வாங்கி ஏமாந்தவள்தானே நீ. நடுவில் கோடு போட்டது, புள்ளிக்குப் பின்னால் வால் நீளமானது என்று ஒன்றுக்கும் உதவாமல் போனவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டாய்.

கைவிடாமல் வைத்திருந்தவற்றில் ஒன்று அந்த நாலெழுத்து. அதை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது அது வேறொருவருடையது. அகராதியில் இல்லாத சொல். ஆனாலும் சொல்லிப் பார்த்தால் எந்த ஊர்க்காரருக்கும் தங்கள் பாஷை மாதிரி இருக்கும். அது கிடைத்த நாளில் எனக்குப் போன் செய்து, "ஒரு தடவை சொல்லிப் பாரேன்" என்றாய். நான் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே சொன்னேன். "பாத்தியா, உன் வாய்லயும் நிக்குது" என்றாய்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டு ஒரு மெயில் வந்தது. யார் என்று சொல்லாமல், சில்லறைக் காசுக்குக் கேட்டார்கள். மருத்துவச் செலவு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். விற்றுவிடச் சொல்லித் தம்பி கெஞ்சினான். நீ, இந்த விலைக்குத் தருவதற்கில்லை என்று இரண்டே வரியில் பதில் அனுப்பினாய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லாப் பெயர்களையும் என் பேருக்கு மாற்றினாய். "விக்கணும்னா வித்துடு. பயந்துக்கிட்டு மட்டும் விக்காத" என்றாய். அடுத்த மழைக்காலத்துக்கு நீ இல்லை.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான்.

நீ போன மறு வருஷம் என் மெயிலுக்கு ஒரு புகார் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று. அந்த நாலெழுத்து தங்களுடைய பெயர் என்றும், அதைக் கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு யாரென்று சொல்லாமல் விலை கேட்டவர்கள் இவர்கள்தான். நீ அனுப்பிய அந்த இரண்டு வரியையே உன் பேராசைக்குச் சாட்சியாக இணைத்திருந்தார்கள்.

தம்பி நடுங்கிப்போனான். "நமக்கு எதுக்குச் சின்னக்கா வம்பு? கேக்குறதைக் குடுத்துட்டு ஒதுங்கிக்கலாம்."

"குடுத்தா அக்கா திருடுனதா ஆயிடாதா?" என்றேன். எனக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. கரும்பு வெட்ட ஆள் வந்து நின்றபோதுகூட, எந்தப் பாத்தி என்று சொல்ல மறந்து நின்றேன். உன்னைப் பற்றி அந்தத் தாளில் இருந்த சொற்கள் மனசில் ஓடிக்கொண்டே இருந்தன. கெட்ட எண்ணம். மிரட்டல். பழைய காட்டன் புடவை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் பூசைக்குப் போன உன்னைப் பற்றி!

விருத்தாசலம் கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். முழுவதையும் படித்துவிட்டு, "இது நம்ம கோர்ட்டுக்கு வர்ற வழக்கில்லைங்க. வெளிநாட்டுல ஒரு நடுவர் காகிதத்தைப் பாத்தே தீர்ப்பு சொல்லிடுவாரு. ஆனா நாம பதில் எழுதணும்" என்றார். பிறகு இணையத்தில் எதையோ தேடினார். திரையை என் பக்கம் திருப்பினார். அந்தப் பெயர் முதன்முதலில் பதிவான வருஷம் எல்லோரும் பார்க்கும்படி அங்கே இருந்தது. அந்தக் கம்பெனி தொடங்கிய வருஷத்தை அவர்களே தங்கள் தளத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

"உங்க அக்கா பதிஞ்சு வருஷக்கணக்கா ஆன பொறவுதான் இந்தக் கம்பெனியே வந்திருக்குது. பொறக்காத புள்ளையோட பேரை எப்படிங்க திருட முடியும்?"

அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன் அக்கா. வக்கீல் அம்மா தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். இது தங்கை புதிதாக வாங்கிய பெயர் இல்லை, சாகும் தறுவாயில் அக்கா ஒப்படைத்தது. பொதுவான எழுத்துகளைச் சேர்த்து வாங்குவதும் விற்பதும் ஒரு தொழில். விலை கேட்டவருக்கு முடியாது என்று சொல்வது மிரட்டல் ஆகாது. நான் தமிழில் சொன்னதெல்லாம் அவர் ஆங்கிலத்தில் வரிசையாக நின்றது.

தீர்ப்பு வந்த அன்று தம்பி வேலையிலிருந்து நேராக வந்தான். சட்டையெல்லாம் வெள்ளை மண். புகார் தள்ளுபடி, பெயர் எங்களுடையதுதான் என்ற இடத்தைத் தமிழில் சொன்னேன். முதலில் பதிந்த பெண்மணியிடம் கெட்ட எண்ணம் இருந்ததாகக் காட்ட எதுவும் இல்லை என்ற வரியையும் சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றான். சொன்னேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்று இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

சில மாதம் கழித்து அதே கம்பெனி, இந்தமுறை தன் பெயரைச் சொல்லி, மரியாதையாக விலை கேட்டது. பேசித்தான் விற்றேன். உன் ஆஸ்பத்திரிக் கடனெல்லாம் தீர்ந்தது. கையெழுத்துப் போடும்போது எனக்குப் பயம் இல்லை. அதை மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அந்தத் தீர்ப்பு இணையத்தில் இருக்கிறது. உன் பெயரைத் தேடினால் முதலில் வருவது அதுதான். ஊரார் பெயருக்கெல்லாம் விலை பார்த்த உனக்கென்று ஒரு தளம்கூட நீ வைத்துக்கொள்ளவில்லை. இப்போது யார் தேடினாலும் நீ குற்றமில்லாதவள் என்பதைப் படித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, எங்கள் சர்ச் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் ஓர் அம்மா பேச்சுக் கொடுத்தார். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். ஒரு தம்பி, ஓர் அக்கா, அக்கா தவறிவிட்டார் என்றேன்.

"அடடா. அவங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

முன்பெல்லாம் டீச்சர் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன்.

"வியாபாரிங்க. பேரு வாங்கி விப்பாங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பஸ் வர நேரம் இருந்தது. மூலைக் கடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.