குடைக்காரம்மா படம்

எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு
22 டிசம்பர் 2025

அன்புள்ள காந்தா அக்காவுக்கு,

சௌம்யா எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, காலைக் குளிரைத் தவிர. புனேயில் இதைவிடக் குளிர் என்கிறார்கள். எழுந்ததும் பச்சைத் தண்ணீரில் கை வைக்காதீர்கள். வீணாவுக்கு ஏழு மாதம் முடியப்போகிறதே, அவள் காலில் வீக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மாப்பிள்ளை எரிக்குக்கும் குட்டிப் பேத்தி ஷெரினுக்கும் என் அன்பு.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் தபாலில் கடிதம் போடுகிறாளே என்று பயப்பட வேண்டாம். போனில் பேச மூன்று நாட்களாக முயன்றேன், வாய் வரவில்லை. இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

வருடக் கடைசியில் அவரவருக்குப் பிடித்த படங்களைச் சொல்ல வேண்டும் என்பது நம் ஒப்பந்தம். உங்கள் பட்டியல் வாய்ஸ் மெசேஜில் வந்துவிட்டது. "எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு, குடைக்காரம்மா படம். அது இப்ப தமிழ்லயே வந்துடுச்சாம். புது வருஷத்தன்னிக்கு வீட்ல எல்லாரும் ஒக்காந்து பாக்கப் போறோம். இந்தவாட்டி நீ காதுல ஊத வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நான்கு முறை கேட்டேன். முதல் முறை தவிர மற்ற மூன்று முறையும் அந்தச் சிரிப்புக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

இந்தக் கடிதம் ஒன்றாம் தேதிக்குள் உங்களிடம் வந்துவிட வேண்டும், அதனால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன் என் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியதை நோக்கிப் போக எனக்குக் கொஞ்சம் தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கண்டக்டர் படம். படங்களின் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்காது என்பதால் நீங்கள் வைத்த பெயர்களையே எழுதுகிறேன். எனக்கு அப்போது கன்னடம், சாப்பாடு ஆச்சா என்று கேட்கிற "ஊட்ட ஆயித்தா" வரைக்கும்தான் தெரியும். கன்னடப் படத்துக்கு நீங்கள் என் காதில் சொல்வது, மற்ற படங்களுக்கு நான் இங்கிலீஷ் சப்டைட்டிலைப் படித்து உங்கள் காதில் சொல்வது என்று அன்றுதான் ஆரம்பித்தோம். சில்லறைக்காக அந்த கண்டக்டர் ஒரு ஆளை இரண்டு நிமிடம் விடாமல் திட்டினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "திட்டுறான்" என்றீர்கள். அவ்வளவுதானா என்றேன். "கல்யாணம் ஆவாத பொண்ணு, உனுக்கு அது போதும்" என்றீர்கள். முன் சீட்டுக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார்.

அடுத்தது அந்தத் தமிழ்ச் சண்டைப் படம். நல்ல படம் என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். ஆனால் வில்லன் வீட்டு வாசலில் ஐம்பது அடியாட்கள் வந்து நின்றபோது, "இத்தினி பேருக்கும் எந்த மகராசி சோறாக்குறாளோ" என்று நீங்கள் சொன்னீர்களே, அதற்காகவே அது பட்டியலில் இருக்கிறது. பிஜி விடுதியில் தினமும் எண்பது பெண்களுக்குச் சமைத்தவருக்குத்தான் அது தோன்றும். அதன் பிறகு எந்தச் சண்டைக் காட்சியைப் பார்த்தாலும் எனக்கு அடியாட்களின் சமையலறை தெரிகிறது.

மூன்றாவது, வீட்டை விற்க வந்த இரண்டு சகோதரிகளைப் பற்றிய மலையாளப் படம். பழைய பாத்திரங்களை யார் எடுத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டே அவர்கள் இருவரும் வேறு எதையோ பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எத்தனையோ நாவல்களில் தேடியது அந்த ஒரு காட்சியில் கிடைத்தது என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள். விளக்கு எரிந்ததும் விழித்து, "வித்துட்டாளுங்களா இல்லியா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு இம்மாம் நேரம்?" என்றீர்கள்.

வீணா குடும்பத்தோடு நீங்களும் புனேக்கு மாறிப் போன பிறகு தனியாக ஒரே ஒரு படம் பார்த்தேன், கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கிற ஒருவரைப் பற்றிய தெலுங்குப் படம். பாதியில் என்னை அறியாமல் சப்டைட்டிலைத் தமிழில் முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இந்தப் படங்களுக்கெல்லாம் முன்னால் பிப்ரவரி மாதம் இருக்கிறது அக்கா. கம்பெனியில் எங்கள் டீமையே எடுத்துவிட்டார்கள். திருப்பத்தூரில் அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், கேப் வருகிற நேரத்துக்குக் குளித்து, ஐடி கார்டு இல்லாத கழுத்தோடு கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். பிஜியில் யாரும் கவனிக்கவில்லை. காலை டிபனை முடித்துவிட்டு மாடிக்கு வந்து கதவைத் தட்டியது நீங்கள்தான். "எந்திரி. ரூம்லயே கெடந்தா பூஞ்சக்காளான் பூத்துடும். ராத்திரி சமையலுக்கு நாலு மணிக்கு நான் வந்தாப் போதும். எதுனா படத்துக்குப் போலாம், எனுக்குத் தொணைக்கு வா" என்றீர்கள். எனக்குத் துணை என்று சொல்லவில்லை, உங்களுக்குத் துணை என்றீர்கள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக் காட்சிக்கு வேலை போனவளும் பிஜி சமையல்காரரும்தான் போக முடியும் என்று சிரித்துக்கொண்டே போனோம். ஜூலையில் புது வேலை கிடைக்கும்வரை நான் உடையாமல் இருந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைகளால்தான். இதை நேரில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இனி குடைக்காரம்மா படம்.

அரங்கத்தில் நம்மோடு சேர்த்து ஒன்பது பேர். பெங்காலிப் படம். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகனைப் பத்து வருடம் கழித்துத் தேடிப் போகிற ஒரு அம்மா. அவர் குடையோடு அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். உங்கள் மகள் வீணாவைப் பற்றி அதற்கு ஒரு மாதம் முன்புதான் என்னிடம் சொல்லியிருந்தீர்கள். இதே ஊரில் காக்ஸ் டவுனில் இருக்கிறாள், ஆறு வருடமாகப் பேச்சில்லை என்று. "சர்ச்சுல கட்டிக்கினதுக்குக் கோவம் இல்ல கண்ணு. டூருக்குப் போறேன்னு எங்கிட்டப் பொய் சொல்லிட்டுப் போயிக் கட்டிக்கினா. பொய்ய மட்டும் என்னால தாங்க முடியாது" என்றீர்கள். இரண்டு பஸ் மாறினால் போய்விடக்கூடிய தூரத்தை அந்த ஒரு பொய்க்காக ஆறு வருடம் போகாமல் இருந்தவர் நீங்கள். அதை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

படத்தில் கேட்டைத் திறந்து ஒரு குழந்தை வந்து, யார் வேண்டும் என்று கேட்டது. அந்த அம்மா பதில் சொன்னார். நீங்கள் என் பக்கம் சாய்ந்து, "இன்னா சொல்றா, இன்னா சொல்றா?" என்றீர்கள். "உங்கப்பாவக் கூப்புடு, ஆயா வந்திருக்கேன்னு சொல்லு" என்று நான் சொன்னேன்.

அக்கா, திரையில் அப்படி இல்லை. "யாரும் வேண்டாம், வீடு மாறி வந்துட்டேன்" என்று இருந்தது.

அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. உங்கள் விரல்கள் என் கையில் அப்படி இறுகியிருந்தன. அப்புறம் அவர் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். எங்கே போகிறாள் என்று கேட்டீர்கள். வெறுங்கையோடு வந்துவிட்டார், குழந்தைக்கு ஏதாவது வாங்கக் கடைக்குப் போகிறார் என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். தெருமுனையில் குடை மறைந்ததும் படம் முடிந்துவிட்டது. "திரும்பி வர்றதயும் காட்டியிருக்கலாம்" என்று பஸ்ஸில் வரும்போது கூடக் குறைபட்டுக்கொண்டீர்கள். அந்தம்மா திரும்பி வரவே இல்லை அக்கா. படத்தின் கதையே அதுதான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் நீங்கள் படத்துக்கு வரவில்லை. "அந்தம்மா மாதிரி வெறுங்கையோட போய் நிக்க மாட்டேன்" என்று ஒரு டப்பா நிறைய நிப்பட்டு சுட்டுக்கொண்டு காக்ஸ் டவுன் போய்விட்டு, சாயங்காலம் அழுது முகமெல்லாம் வீங்கி வந்தீர்கள். ஷெரின்தான் கேட்டுக்கு வந்தாள், படத்தில் வந்த வார்த்தையையே சொன்னேன், "உங்கம்மாவக் கூப்புடு, ஆயா வந்திருக்கேன்னு சொல்லு" என்றேன், வீணா மாவுக் கையோடு ஓடி வந்தாள் என்று சொன்னீர்கள். அதன் பிறகு நான் எப்படிச் சொல்வது?

உங்களுக்கு நல்லது நடந்தது, அதனால் என் பொய் நல்ல பொய் என்று வாதாட வரவில்லை. அது நல்லபடியாக முடிந்தது உங்களாலும் வீணாவாலும். என் வார்த்தையை நம்பிப் போன இடத்தில் கதவு திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். உங்களைக் கேட்காமல் உங்கள் வாழ்க்கையில் கை வைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். புது வருட நாளில் மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து, அந்த அம்மா வேறு என்னவோ சொல்கிறாளே என்று நீங்கள் திகைக்கக் கூடாது. அதை முதலில் என்னிடமிருந்துதான் கேட்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல விடுங்கள். அந்த வார்த்தையை எந்தப் படத்திலும் யாரும் சொல்லவில்லை. ஏசி அரங்கில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னதற்கு மதிப்பில்லை. வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு கேட்டுக்கு முன்னால் நின்று அதை முதன்முதலில் சொன்னவர் நீங்கள்தான். இந்த வருடம் நான் கண்ணால் பார்க்காத ஒரே ஒரு காட்சி அது. என் பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான்.

என் மேல் கோபப்படுங்கள். திட்டுங்கள், கண்டக்டர் திட்டியதைப் போல ஒரு வார்த்தை விடாமல். நானே அழைத்துத் தொந்தரவு செய்யமாட்டேன், உங்கள் அழைப்புக்குக் காத்திருப்பேன். ஆறு வருடம் மட்டும் வேண்டாம் அக்கா.

வீணாவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும். வருகிற வருடம் உங்கள் வீட்டில் அழுகை எல்லாம் பச்சைக் குழந்தையின் அழுகையாக மட்டும் இருக்கட்டும்.

படத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், அருமையான படம். குடைக்காரம்மா கேட்டை விட்டுத் திரும்புகிற இடம் வரும்போது மட்டும், ஷெரினைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் நன்றியுள்ள,
சௌம்யா