பரணில் இல்லாத பெட்டி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முட்டிவலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் சுகமாகவே இருக்கிறேன். நீயும் மருமகளும் அந்த வாயாடிப் பேத்தியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நானும் கூடச் சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். குறுக்கே பேசாமல் கடைசி வரை படி.

எல்லாம் அந்த மேஜை விளக்கு விஷயம்தான். அப்பா வேலை பார்த்த ஹோட்டலை இழுத்து மூடிய அன்றைக்கு, வரவேற்பு மேஜையில் இருந்ததை முதலாளி பெட்டியோடு அவர் கையில் கொடுத்து அனுப்பினார். இத்தனை வருடமாக அதன் கண்ணாடிக் குடைக்குக் கீழேதான் என் மூக்குக்கண்ணாடியும் மாத்திரை டப்பாவும் கிடக்கின்றன. நீதான் வீடியோவில் பார்த்துவிட்டு, அடியைத் திருப்பிக் காட்டும்மா என்று என்னைப் படுத்தினாய். அடியில் கீறியிருந்த கையெழுத்தையும் எண்ணையும் பார்த்ததும், இது பெரிய டிசைனர் பண்ணதும்மா, மொத்தமே சில நூறுதான் பண்ணாங்க, சேகரிக்கிறவங்க தேடி அலையுறாங்க என்று குதித்தாய். நீ ஒருநாள் தட்டிவிட்டா போச்சு, வித்துடலாம் என்றும் சொன்னாய். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருடம் கண்ணாடிக் குடுவை கழுவியவளைப் பார்த்துச் சொன்ன பேச்சா அது? சரி, போகட்டும்.

நீ தேடிப்பிடித்து அனுப்பினாயே, அந்தப் பல் டாக்டர், வேலையை விட்டுவிட்டு இப்போது விளக்குகளாகச் சேர்க்கிறவர், அவர் முதல் சனிக்கிழமை சரியாக நாலு மணிக்கு வந்தார். பருத்தித் துணியில் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கையை அடியில் கொடுத்து மறு கையால் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார் பார், கண்ணாடி தெரிந்த கை அது என்று உடனே புரிந்துவிட்டது. குடையின் ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். நான் போட்டிருந்த பல்பைக் கழற்றி, இவ்வளவு சூடு ஆகாதும்மா, கண்ணாடி விரிசல் விட்டுடும் என்று என்னையே கண்டித்தார். பிறகு தேநீர் குடித்தார். அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டார். அப்பாவைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா? பேசிப் பேசி ஆறரை ஆகிவிட்டது. கிளம்பும்போதுதான், இதோட பழைய பெட்டி இருந்தா விலையே வேற, இருக்கா என்றார். எங்கேயோ பரணில் இருக்கும், தேடி வைக்கிறேன், அடுத்த சனிக்கிழமை வாங்க என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தம்பி, பெட்டி பரணில் இல்லை. என் கட்டிலுக்கு அடியில், கம்பளிகளைப் போட்டு மூடி, சுவரோரமாகத் தள்ளி வைத்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்பார்களே, அதைத்தான் ஆறு வாரமாகச் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வருவார், பெட்டி கிடைச்சுதா என்பார், நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வேன். ஒருநாள் நானே பார்க்கிறேன் என்று அந்த வயதில் ஸ்டூல் போட்டு ஏறி, பரணைக் குடைந்து, உன் பழைய சைக்கிள் பம்பையும் அப்பாவின் ஒற்றைச் செருப்பையும் எடுத்துக்கொண்டு தலையெல்லாம் தூசியோடு இறங்கினார். அவர் அடுக்கடுக்காகத் தும்மியபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் தலை துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்ததோடு சரி. நீ வேறு எதையும் கற்பனை செய்துகொள்ளாதே, முதல் நாளே என் கடைவாய்ப்பல் ஆடுவதைக் கண்டுபிடித்துச் சொன்ன மனுஷர் அவர். மனைவி போய் நாலு வருடமாகிறதாம். அவர் வீட்டில் பதினேழு விளக்குகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவேன் என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ என்ன செய்தாய்? அந்தாளு வேணும்னே இழுத்தடிக்கிறாரு, பெட்டி இல்லன்னு சொல்லி விலையைக் குறைக்கப் பாக்கிறாரு என்று நீயாக முடிவு கட்டி, இனிமேல் அம்மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன சனிக்கிழமை நான் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு நாலு மணிக்கு உட்கார்ந்தேன். லிஃப்ட் நின்ற போதெல்லாம் எழுந்தேன். எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆறு மணிக்குப் பொறுக்கமாட்டாமல் நானே போன் செய்தேன், அப்போதுதான் நீ அனுப்பிய செய்தியைப் பற்றியே தெரிந்தது. அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. பையன் கவலைப்படறது நியாயந்தாம்மா, என் பொண்ணும் இப்படித்தான் என்று சொல்லி வைத்துவிட்டார். உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் இரண்டு கோப்பையையும் எடுத்து உள்ளே வைத்தேன்.

விளக்கு போய்விட்டால் அவர் வரமாட்டார் என்றுதான் பெட்டியை ஒளித்தேன். விளக்கு இருந்தும் அவர் வராத சனிக்கிழமையைப் பார்த்துவிட்டேன். அதனால் இன்று காலை கட்டிலுக்கு அடியில் குனிந்து, முட்டி சத்தம் போடப் போட, பெட்டியை இழுத்து வெளியே வைத்துவிட்டேன். விளக்கைப் பெட்டியோடு அவருக்கே கொடுத்துவிடு, நீங்கள் இருவரும் பேசியிருக்கிற விலையில் பிசகாமல். பெட்டிக் கதையை நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன், அது என் மானம். நீ செய்ய வேண்டியது, அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது. எழுதி அனுப்பாதே, உன் வாயால் கேள். ஒருவர் மேல் பழி போட்டால் அதை நாம்தான் இறக்க வேண்டும்.

அம்மா எதுக்கும்மா இப்படி, என்கிட்ட சொல்லியிருக்கலாமே என்பாய். எதைச் சொல்வது? ஒவ்வொரு லீவுக்கும், வரட்டுமாம்மா என்று நீ கேட்கிறாய், எதுக்குடா வீண் அலைச்சல், நான் நல்லாத்தான் இருக்கேன் என்று நான் சொல்கிறேன். பொய்தான். நான் நன்றாக இல்லை. சனிக்கிழமை தவிர மற்ற ஆறு நாளும் இந்த வீட்டில் என் குரல் எனக்கே கேட்பதில்லை. உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, சொன்னால்தானே உனக்கும் தெரியும் என்று எழுதுகிறேன். இந்த லீவுக்கு வா. மூன்று பேரும் வாருங்கள்.

மருமகளுக்கும் பேத்திக்கும் என் அன்பு. எந்தக் கெட்டதும் அண்டாமல் நீங்கள் மூவரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், இது என் ஆசி. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. டாக்டருக்குப் போன் செய்ய மறந்துவிடாதே, சனிக்கிழமைக்கு முன்னால் செய். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், இந்தத் தடவை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா