உன் உடைந்த பல்லை நான் சரிசெய்தேன்

அன்பு மச்சான் ஜாபருக்கு,

உன்னைக் கண்டுபிடித்துவிட்டோம்டா. தெற்கே, புதுச்சேரி போகிற வழியில், ஒரு பொதுச் சுடுகாட்டின் ஓரத்தில் இருக்கிறாய். தலைமாட்டில் கல் கிடையாது. ஒரு இரும்புத் தகட்டில் நம்பர் மட்டும் எழுதி நட்டிருக்கிறார்கள். உன் அம்மாவின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து, நீதான் என்று போன வாரம் சொன்னார்கள்.

எட்டு மாதமாக அங்கேதான் கிடந்திருக்கிறாய். கடல் உன்னை மூன்றாம் நாளே கரையில் கொண்டுவந்து போட்டுவிட்டது. அதற்குப் பிறகு உன்னைத் தொலைத்தவன் நான்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும். ஆனால் அம்மாவிடம் என் வாயால் சொன்ன பிறகுதான் இதை வெளியே விடுவேன்.

அன்று உன்னை யார் போட்டில் ஏறச் சொன்னது? மீன் லோடு ஏற்ற வந்தவன், ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போக வேண்டியதுதானே? போட்டில் ஒரு ஆள் குறைகிறது என்று யாரோ சொன்னதும், லோடு ஆட்டோவைக் கோவளம் கரையிலேயே நிறுத்திவிட்டு ஏறிவிட்டாய். திரும்பி வரும்போது கரைக்குப் பக்கத்தில் அலையில் கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். நீ வருவாய் வருவாய் என்று பத்து மணி வரைக்கும் நானும் உன் தங்கச்சி நசீமாவும் கரையில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தோம்.

ஸ்டேஷனில் உன் போட்டோ கேட்டார்கள். உங்கள் வீட்டில் சுவரில் படம் மாட்டுகிற வழக்கம் கிடையாது. லைசென்ஸில் இருந்த படமோ மீசை முளைக்காத காலத்தது. "இது யூஸ் ஆவாது, இப்ப எடுத்தது எதுனா இருந்தா குடுங்க" என்றார் ஏட்டு. என் போனில் ஒன்று இருந்தது. போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் எடுத்தது, பதினோரு பேர் நிற்கிற படம். அதில் நீ பின்வரிசையில் நின்று சிரிக்கிறாய். உன் தலையை மட்டும் வெட்டி எடுத்தால் தபால்தலை அளவுதான் வரும். எல்லாம் புகைந்துபோய்த் தெரியும். ஆனால் மேல்வரிசையில் பாதி உடைந்த முன்பல் அதிலும் தெரிந்தது மச்சான். என் கண்ணால் பார்த்தேன்.

காணவில்லை நோட்டீஸ் அடிக்க என் போட்டோ கடைக்குக் கிளம்பும்போது நசீமா சொன்னாள். "அண்ணே, பல்லு ஒடஞ்சிருக்கும்னு அடையாளத்துல எய்து." நான் வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே, "படத்துலயே தெரிதும்மா, அதை வேற எய்தணுமா" என்றேன். வயது, உயரம், போட்டிருந்த சட்டையின் கலர், என் போன் நம்பர், அவ்வளவுதான் எழுதினேன்.

என் கடையில் என்ன வேலை நடக்கும் என்று உனக்குத் தெரியும். திருவிடந்தையில் கடை வைத்தால் வேறென்ன வரும்? கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் கோயிலை மாலையோடு சுற்றிவிட்டு, ஜாதகத்தோடு வைக்க ஒரு நல்ல போட்டோ வேண்டும் என்று நேராக என்னிடம் வருவார்கள். முன்பெல்லாம் ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் உட்காருவேன். ஏஐ வந்த பிறகு படத்தை ஏற்றி, எப்படி வேண்டும் என்று நாலு வரி எழுதினால் போதும். அந்த நாலு வரியையும் தினமும் அடிக்கச் சோம்பல்பட்டு ஒரே இடத்தில் சேமித்து வைத்திருந்தேன். யார் படம் வந்தாலும் அதை எடுத்து ஒட்டுவேன். முகம் பளிச்சென்று இருக்க வேண்டும், தோலில் தழும்பு கூடாது, முடி அடர்த்தியாக இருக்க வேண்டும், பல்வரிசை சீராக இருக்க வேண்டும். இதுதான் அந்த நாலு வரி.

நீகூட ஒருநாள் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாய். "உனக்கும் ஒண்ணு பண்ணித் தரேன்டா, பொண்ணு வூட்டுக்கு அனுப்பலாம்" என்றேன். "வேணாம்பா. பல்லு ஒடஞ்சவன்னு தெரிஞ்சிகினே வர்றவ வரட்டும்" என்றாய். அந்தப் பல் உடைந்ததே எங்கள் வீட்டுக் கரும்பைக் கடித்துத்தான். அதற்கு நஷ்டஈடாக வருஷா வருஷம் ஒரு கட்டுக் கரும்பு கேட்பாய்.

அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையைத் திறந்து, உன் தலையை வெட்டி ஏற்றி, பழக்க தோஷத்தில் அந்த நாலு வரியை ஒட்டிவிட்டேன். நாலு படம் வந்தது. நாலிலும் நீ பளிச்சென்று இருந்தாய். சும்மா சொல்லக் கூடாது, மாப்பிள்ளை மாதிரி இருந்தாய். பல் முழுசாக இருந்ததைக் கவனிக்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கவனித்தேன். அழகாகத்தானே இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னொரு தடவை செய்ய இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

கோவளத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் எல்லாக் குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்தப் படம் போனது. பஸ் ஸ்டாண்டில் ஒட்டினோம். மாமல்லபுரம் கடற்கரையில் கடைக்குக் கடை கொடுத்தோம்.

மறுநாள் அம்மா ஒரு நோட்டீஸைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். "இன்னாப்பா ஏழுமல, பல்ல கட்டிவுட்டுட்டியா? இது என் புள்ள மாதிரியே இல்லியே" என்றார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டர்ல அப்டித்தாம்மா வரும். மொகம் தெரிதுல்ல, அது போதும்" என்றேன். நோட்டீஸை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்கு மறுநாள்தான் நீ கரை ஒதுங்கினாய்.

இது எங்களுக்குத் தெரிய ஆறு மாதம் ஆனது. உன் இறப்புச் சான்றிதழுக்காக நசீமாவின் வீட்டுக்காரர் அலைந்துகொண்டிருந்தார். கடலோர ஸ்டேஷன்களில் யாரென்று தெரியாத உடல்களின் ஃபைலைப் பாருங்கள் என்றார்கள். அவருக்குத் தனியாகப் பார்க்கத் தைரியம் இல்லை, என்னையும் கூட்டிப்போனார். மூன்றாவது ஸ்டேஷனில் நீ இருந்தாய். அந்த முகத்தைப் பற்றி எழுதமாட்டேன். உதடு விலகியிருந்தது, பல் தெரிந்தது, அவ்வளவுதான். அவர் "யா அல்லாஹ்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். நான் செய்த நோட்டீஸ் அங்கே பின் போட்டுக் குத்தியிருந்தது. அதற்குக் கீழே கையால் எழுதியிருந்தார்கள். கோவளத்தில் காணாமல் போனவரின் படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது, இறந்தவருக்கு மேல் முன்பல் உடைந்துள்ளது, படத்தில் உள்ளவருக்குப் பற்கள் முழுமையாக உள்ளன, ஆகையால் இவர் அவரல்ல. ஒழுங்காகப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். என்னைவிட அந்தப் போலீஸ்காரர் உன்னைக் கவனமாகப் பார்த்திருக்கிறார்.

நான் ஃபைலை மூடி நீட்டிவிட்டேன். வெளியே வந்து, "உடம்பு ரொம்ப ஊறிப்போயிருந்திச்சாம், அதான் தெரியலயாம்" என்று நசீமாவின் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் தலையை ஆட்டினார். வீட்டிலும் போய் அதையேதான் சொன்னார்.

உன்னைக் குளிப்பாட்டவில்லை. கஃபன் துணி போர்த்தவில்லை. மக்கா இருக்கிற கிப்லா பக்கம் முகம் திருப்பி வைத்தார்களா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. அம்மாவுக்கு நீ செத்ததைவிட இதுதான் பெரிய வேதனையாக இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு அதையே கேட்கிறார்கள். "மூணாம் நாளே ஒதுங்கிட்டானாமே. போட்டோவும் அவுங்க கையில இருந்திச்சாமே. அப்புறம் ஏன்பா தெரியாம போச்சி?" நசீமா என்னைப் பார்க்கிறாள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டதா? தெரியவில்லை. நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

கடை இன்னும் நடக்கிறது மச்சான், ஏன் கேட்கிறாய். அந்த நாலு வரியை அழித்துவிட்டேன். போன மாதம் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். மகள் கல்யாண போட்டோவில் இறந்துபோன வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டுமாம். "கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைப்பா, அந்த மனுசன் சிரிச்சதே கெடையாது" என்றார்கள். முடியாதும்மா என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, மிஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொல்கிற பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.

ஜமாஅத்தில் பேசி முடிவு பண்ணிவிட்டார்கள். உன்னைத் தோண்டி எடுக்க வேண்டாம், இந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போய் உன் கபர் பக்கத்திலேயே இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகையைத் தொழுதுவிடலாம் என்று. அம்மாவும் வருகிறார்கள். பெண்கள் கபரஸ்தானுக்குப் போகிற வழக்கமில்லை என்று யாரோ ஆரம்பித்ததற்கு, "அது நம்ம கபரஸ்தானா? என் புள்ள அங்க நாதியத்துக் கெடக்கறான். நான் போவேன்" என்று சொல்லிவிட்டார்கள். வண்டி ஓட்டப் போவது நான்.

நேற்று முன்தினம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷத்தில் படம் என்று ஒன்றைக் கேட்காதவர்கள், மெதுவாகக் கேட்டார்கள். "எனக்கு ஜாபரு படம் ஒண்ணு குடுப்பா. மாட்டறதுக்கு இல்ல, மடிச்சி வெச்சிக்கிறேன். ஆனா அந்த நோட்டீஸ்ல இருக்கறது வேணாம், அது யாரோ. பல்லு ஒடஞ்ச மொகமா குடு."

பொங்கல் படத்தை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் அதைக் கையில் வாங்கிய அந்த நிமிஷம் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். என்னிடம் இருந்த படத்தில் பல் உடைந்துதான் இருந்தது, அதைச் சரிசெய்தவன் இவன்தான் என்று தெரிந்துவிடும். அதனால் நான் என்ன செய்தேன் கேள். இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அந்த நோட்டீஸ் படத்தையே மறுபடி ஏஐயில் ஏற்றி, முன்பல்லை உடைத்துக் கொடு என்று எழுதினேன். ஏதோ கல்யாணத்தில் எடுத்த வேறு படம் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. முதலில் பக்கத்துப் பல்லை உடைத்தது. பிறகு இரண்டு பல்லையும் எடுத்துவிட்டு உன்னைக் கிழவனாக்கியது. ஒன்றில் வாயோரம் ரத்தம் வைத்தது. மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து முப்பது நாற்பது தடவை மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் ஒன்று சரியாக வந்தது. அச்சு அசல் நீதான்.

பிரிண்ட் கொடுக்கப் போனவன் அப்படியே நிறுத்தினேன். உன்னை ஒரு தடவை தொலைத்தது பத்தாது என்று, உன் அம்மாவின் மடியில் வைத்துக்கொள்ளப் பொய்யாக ஒரு பிள்ளை செய்துகொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் அழித்தேன். பொங்கல் படத்திலிருந்து உன் முகத்தை வெட்டி, ஒன்றும் செய்யாமல், புகையாக இருந்தது இருந்தபடியே பிரிண்ட் போட்டேன். இப்போது சட்டைப்பையில் இருக்கிறது.

எப்போது கொடுப்பது என்பதிலும் ஒரு கள்ளத்தனம் பண்ணப் பார்த்தேன் மச்சான். தொழுகை முடிந்து எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது கொடுத்தால், அந்த அழுகையில் என் தப்பு பெரிதாகத் தெரியாது என்று நினைத்தேன். வேண்டாம். அப்படிச் செய்தால் உன் தொழுகையையும் நான் கெடுத்தவனாகிவிடுவேன். அம்மா உன் பக்கத்தில் நிற்கும்போது, நீ ஏன் அங்கே கிடக்கிறாய் என்று தெரிந்துதான் நிற்க வேண்டும்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலையில், வெள்ளிக்கு ஒரு நாள் முன்னாலேயே, உங்கள் வீட்டுக்குப் போவேன். நசீமாவையும் அவள் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து, அம்மா கையில் இந்தப் படத்தைக் கொடுத்து, ஒன்று விடாமல் சொல்வேன். வாசலில் நிற்காதே என்றால் போய்விடுவேன். என் வண்டியில் ஏறமாட்டேன் என்றால் வேறு வண்டி பிடித்துக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே பஸ்ஸில் வந்து சுடுகாட்டுக்கு வெளியே ரோட்டோரம் நிற்பேன்.

திட்டினால் தாங்கிக்கொள்வேன். அடித்தாலும் சரி. ஒன்றே ஒன்றுக்குத்தான் பயமாக இருக்கிறது. அம்மா கத்தவே மாட்டார்கள், உனக்குத் தெரியும். படத்தை மடித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "அன்னிக்கே கேட்டனேப்பா" என்று மட்டும் சொல்வார்கள்.

உன் மச்சான்,
ஏழுமலை