அம்மா கல்லறையில் அக்காவுக்கு இடமில்லை

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். ஒரத்தநாட்டுப் பெண்களுக்குத் தங்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வருகிறது. கடை முழுக்க ரவிக்கைத் துணி. போஸ்ட் மாஸ்டர் சம்சாரம் போன வருஷ அளவே போதும் என்று சாதித்துவிட்டுப் போனார். அது அவருடைய ஆசை, அளவு இல்லை. நான் சிரிக்கக் கூடாது. என்னை அளக்க இரண்டு டேப்பை முடிச்சுப் போட வேண்டும்.

மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாலும் புத்தி நவம்பர் இரண்டிலேயே நிற்கிறது. கல்லறைத் திருநாள். இந்தத் தடவையும் அம்மா கல்லறையில் விண்ணரசி அக்காவுக்கு ஒரு மெழுகுவத்தி வைக்கக்கூட இடம் விடமாட்டேன்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்தது. கடை காலி. ஆற அமரக் கோபப்பட நேரம் கிடைத்திருக்கிறது.

போன இரண்டு வருஷமும் செய்ததுதான். முதல் பஸ் பிடித்துப் பாபநாசம் போய், அம்மா கல்லறையில் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை சாமந்தியைக் கொட்டிப் பரப்பிவிடுவேன். ஓரம் பூரா மெழுகுவத்தி. அக்கா உள்ளூர்க்காரி, பூசை முடிந்து நிதானமாக வருவாள். அம்மா மேல் கிடக்கிற பூவைத் தள்ளிவிட மனசு வருமா? பூக்கூடையோடு அப்படியே நிற்பாள். நான் பக்கத்துக் கல்லறைக்காரர்களிடம் அவர்கள் தாத்தாவின் குணநலன்களை விசாரித்துக்கொண்டிருப்பேன்.

அற்பத்தனம்தான். தெரியும். ஆனால் அவள் செய்தது?

அம்மா அவள் வீட்டில்தான் இருந்தது. அங்கேதான் போனது. எனக்கு அவள் போன் செய்யவில்லை. அவள் மகன் ஜெனித் வாட்ஸ்அப்பில் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முதல் ஸ்டேட்டஸ் அவன் தின்ற பரோட்டா. விரலால் தள்ளினேன். அடுத்தது என் அம்மா, மாலை போட்ட படம்.

என்னப் பெத்தவ. பரோட்டாவுக்கு அடுத்து.

அக்டோபர் 26, ஞாயிறு

ஆசீர்வாதம் அத்தான் வந்திருந்தார். அக்காவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு இரண்டு பக்கமும் தூது நடக்கிற மனுஷன். காபியை ஆற்றிக்கொண்டே, "பிலோமி, இந்த வருஷமாவது ரெண்டு பேரும் சேந்து போங்கம்மா. அவளுக்கும் அம்மாதானே" என்றார்.

சமாதானம் பேச வந்தவர் போகிற போக்கில் துப்பும் கொடுத்துவிட்டார். இந்த முறை அக்கா விடியற்காலையிலேயே ஸ்கூட்டியில் தஞ்சாவூர் பூக்காரத் தெருவுக்கே போய் ரோஜா வாங்கிவரப் போகிறாளாம். எனக்கு முன்னால் வந்துவிடுவாளாம்.

அப்படியா சேதி?

அக்டோபர் 29, புதன்

பூவுக்குச் சொல்லிவிட்டேன். மூட்டைக் கணக்கில். முதல் நாளே வந்து இறங்கிவிடும். வாடகைக் காரும் சொல்லியாச்சு, இருட்டோடு கிளம்ப வேண்டும். என் வீட்டுக்காரர் செல்லதுரை வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுவார். இந்த வருஷத்து மூன்றாவது இது: "நீ அம்மாவுக்குப் பூ வைக்கிறியா, அக்காவுக்கு வேலி போடுறியா?"

ரெண்டுந்தான் என்றேன்.

நவம்பர் 1, சனி

மழை. ஊரில் அறுத்த நெல்லை மூடத் தார்ப்பாய் கிடைக்காமல் ஜனங்கள் அல்லாடுகிறார்கள். நான் சாமந்திக்குத் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன். எந்த விவசாயியாவது பார்த்தால் உதைப்பார்.

நவம்பர் 2, ஞாயிறு

பாபநாசம் கல்லறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இறக்கிவிட்டுப் போன கார் திரும்பி வருகிற வரைக்கும் எழுதுகிறேன்.

விடியும்போதே கல்லறையை மூடிவிட்டேன். சிமெண்டு ஒரு பொட்டுத் தெரியவில்லை. பூசை முடிந்தது. சாமியார் வரிசையாக மந்திரித்துக்கொண்டு வந்தார், அம்மா கல்லறையிலும் தீர்த்தம் தெளித்தார். அக்காவைக் காணோம். அவள் வந்து நிற்கும்போது காட்ட வேண்டிய முகத்தை வேறு தயாராக வைத்திருந்தேன். முகம் வலித்ததுதான் மிச்சம்.

ஜெனித் போன் செய்தான். "சித்தி, அம்மா விழுந்துட்டாங்க. அய்யம்பேட்டை தாண்டி, ரோட்டுல காயப்போட்ட நெல்லுல வண்டி சறுக்கிருச்சு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்."

உயிரோட இருக்காளான்னு கேக்க வாய் வரல. தலையில அடியாம். கண்ணு முழிக்கலையாம்.

நான்தானே அவள அந்த ரோட்டுக்கு அனுப்புனேன்? நான் பாட்டுக்கு ஒரு ஓரம் விட்டிருந்தா—

மாதாவே, அவள எடுத்துக்காத. எனக்குக் கணக்குத் தீரல. இன்னும் அவளை ஒரு வார்த்தைகூட நேரா கேக்கல. அவ போயிட்டா நான் யாரைப் போட்டுப் பழிவாங்குவேன்? பொறந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான்.

கார் வந்துவிட்டது.

நவம்பர் 3, திங்கள்

தொடை எலும்பு முறிவு. தலையில் தையல். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்ததால் இருக்கிறாள். அவர் அந்த நேரத்தில் கொட்டாவி விட்டிருந்தால்? ஒரு கொட்டாவி. அவ்வளவுதான் எங்கள் குடும்பத்தின் கெட்டி.

மத்தியானம் கண் திறந்தாள். இரண்டு வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு:

"பூவெல்லாம் வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

"எனக்கு இடம் விட்டியா?"

"இல்ல."

"தெரியும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நான்தான் கூட இருக்கிறேன். பழிவாங்க இதைவிட வசதியான இடம் கிடையாது. அவளுக்குப் பிடிக்காத ஜவ்வரிசிக் கஞ்சியை வேளை தவறாமல் புகட்டுகிறேன். நர்ஸ் ஆஷிகாவிடம் அவள் மறைத்து வைத்திருந்த வயசைச் சொல்லிவிட்டேன். தலை பின்னும்போது கொஞ்சம் இழுத்துத்தான் பின்னினேன். நரைத்திருந்தது. எப்போது இவ்வளவு நரைத்தாள்? நான் பார்க்காமல்?

இன்று அவளாகவே சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அன்னைக்கு நான் குளிக்கப் போயிட்டேன்டி. அம்மா டிவி பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. வந்து துணி மடிச்சிக்கிட்டே பேசுறேன், ஜெனித்துக்குப் பொண்ணு பாக்குற கதை எல்லாம். பதிலே இல்ல. அது போயி எவ்வளவு நேரமாச்சுன்னுகூட எனக்குத் தெரியாது. உனக்கு எப்படிப் போன் போடுவேன்? நீ எடுத்த எடுப்புல எப்பன்னு கேப்ப."

கேட்டிருப்பேன். எப்ப, எங்கடி இருந்த, என்னடி பண்ணிக்கிட்டு இருந்த — எல்லாம் கேட்டிருப்பேன். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து இரண்டு வருஷம். அவளை நான் பூவால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "கஞ்சி ஆறுது" என்று வந்தது.

"இனிமே எதுன்னாலும் உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்" என்றாள்.

"இனிமே சாகுறதுக்கு யாரு இருக்கா? நீயும் நானுந்தான்."

சிரித்துவிட்டாள். தையல் வலித்து, சிரித்துக்கொண்டே அழுதாள். ஆஷிகா வந்து என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

மன்னித்தேனா? முழுசாக இல்லை. பரோட்டா இன்னும் தொண்டையில் நிற்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

அக்கா பாபநாசம் போய்விட்டாள். தினம் காலையில் காபி நேரத்துக்குப் போன் வருகிறது. இருக்கியா என்பாள், இருக்கேன் என்பேன். அதன்பிறகு ஊர் வம்பு. அவள் பக்கத்து வீட்டு மருமகள் விவகாரம் தொடர்கதையாகப் போகிறது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், விடியும்போதே போனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்று ஒரு வேலை செய்தேன்.

போன் வந்தது. எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான். ஒரு காலைப் பொழுது அவளும் தவிக்கட்டுமே, தெரியாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று தெரியட்டுமே. மறுபடி அடித்தது. மறுபடி. போனைத் துணிக்கு அடியில் திணித்துவிட்டு கிறிஸ்துமஸ் கவுன் ஒன்றைத் தைத்தேன். கவுன் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்திருக்கிறேன், பிறகு பிரிக்க வேண்டும்.

அப்புறம் போன் நின்றுவிட்டது. ஒரேயடியாக. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அடிக்கும்போது இருந்த சுகம் நின்றபோது இல்லை. ஏன் நிறுத்தினாள்? அவளுக்கு ஏதாவது—? நான் போட்டேன். எடுக்கவில்லை. அத்தானுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. ஜெனித்தும் இல்லை. செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தால் ஒரு கார் வந்து நிற்கிறது.

ஜெனித் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். பின் சீட்டில் அக்கா, காலை நீட்டிக்கொண்டு, நைட்டிமேல் துண்டைப் போட்டபடி, தலைகூடச் சீவாமல். பக்கத்தில் வாக்கர். அவசரத்தில் மூன்று பேருமே போனை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். முன் சீட்டில் அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறக்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். என் கையில் இருந்த போனையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வண்டியத் திருப்புடா" என்றாள்.

டிசம்பர் 17, புதன்

காபி போடுவதற்கு முன்னாலேயே நானே போன் போட்டேன். நெடுநேரம் அடிக்கவிட்டுத்தான் எடுத்தாள். நியாயம்தான்.